மலையடி ஊற்றுக்குள் முக்குளிக்கலாமா? (மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வட்டாரம்)

செம்பனை_நிழல்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு பாதி லயம் காலியாகிவிட்டது. ஆனால் தோட்டத்து எல்லையில் இருக்கும் சுண்ணாம்பு மலையும், முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் அதன் அடியிலிருந்து வரும் ஊற்றும் இன்னும் இருக்கின்றன. குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாள்களில் மிச்சமுள்ள குடும்பங்களுக்கு அந்த ஊற்றுதான் கதி.

மலையின் மறுபக்கத்தில் கல் உடைக்கும் வேலை தொடங்கியதிலிருந்து ஊற்றின் போக்கு மாறியிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் அரிசி களைந்த நீர்போல் வெளுக்கிறது, தெளிய நாள்கணக்கில் ஆகிறது. கோடையில் தெளிந்திருக்கும்போது பார்த்தால் அடியில் ஒரு வாய் தெரிகிறது. இரண்டு பேர் அருகருகே நுழையும் அகலம். அதற்கு அப்பால் இருட்டு.

பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் முக்குளித்திருக்கிறேன், இரண்டாம் நிலைச் சான்றிதழும் வைத்திருக்கிறேன். கேமராவோடு உள்ளே போய் வண்டல் எங்கிருந்து வருகிறது என்று படம் எடுத்தால், அதிகாரிகளிடம் காட்ட ஆதாரம் கிடைக்கும். மேலே ஒரு நண்பன் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள். சிறுவர்கள் தேடிக்கொண்டு வரக்கூடாது என்பதால் இடத்தின் பெயரை எழுதவில்லை.

மலைச்சாரல்

தைரியமாகப் போங்கள். கடலில் முப்பது மீட்டர் இறங்கியவருக்கு ஊற்றில் பத்து மீட்டர் என்ன பெரிய விஷயம்? இடுப்பில் நைலான் கயிறு, கையில் நல்ல வெளிச்சமான டார்ச், இரண்டும் போதும். இந்த மாதிரி மலைகளுக்குள் காற்று நிற்கும் அறைகள் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். களைத்தால் அங்கே தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நம் தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

கயிற்றுக்காரன்

தம்பி, போகாதீர்கள். காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன். நானும் கம்பார் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். வேலைக்காக வெளிநாடு போனபோது ஃபுளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் முறையாகப் பயின்றேன்.

கடலில் எது நடந்தாலும் மேலே போக வழி உண்டு. சிலிண்டரில் காற்று தீர்ந்தாலும், முகக் கண்ணாடி உடைந்தாலும், பயந்துபோனாலும் கடைசி வழியாக மேற்பரப்பு இருக்கிறது. நீங்கள் வாங்கிய சான்றிதழ் அந்த வழியை நம்பித்தான் கொடுக்கப்பட்டது. குகையில் தலைக்கு மேல் பாறை. நுழைந்த வாய்தான் திரும்பும் வாய். ஆழம் எவ்வளவு என்பது அங்கே இரண்டாவது கேள்வி, வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது டார்ச். நீங்கள் பார்த்த தெளிந்த தண்ணீர், யாரும் உள்ளே போகாதவரை தெளிந்த தண்ணீர். தரையில் படிந்திருக்கும் வண்டலில் ஒருமுறை காலை உதைத்தால் சில நொடிகளில் எல்லாம் மூடிக்கொள்ளும். காலை உதைக்காவிட்டாலும், நீங்கள் விடும் மூச்சுக் குமிழிகள் கூரையில் மோதி அங்கே ஒட்டியிருப்பதை உதிர்க்கும். கலங்கிய நீரில் டார்ச் வெளிச்சம் முன்னே போகாது, வெள்ளைச் சுவராகத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். கைக்கடிகாரத்தை முகக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாலும் எண் தெரியாது. குகை முக்குளிப்பில் ஒவ்வொருவரும் மூன்று விளக்குகள் எடுத்துப்போவது கட்டாயம். அந்த மூன்றுமே பயன்படாத நேரம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் பயிற்சியே நடக்கிறது.

அப்போது வெளியே கொண்டுவருவது கயிறு ஒன்றுதான். ஆனால் நண்பர் சொல்கிற இடுப்புக் கயிறு வேறு, இது வேறு. இடுப்பில் கட்டிய கயிறு முதல் வளைவிலேயே பாறை இடுக்கில் சிக்கும். மேலே இருக்கும் நண்பன் பதறிப்போய் இழுத்தால் நீங்கள் நுழையவே முடியாத பிளவுக்குள் அது உங்களை இழுத்துவிடும். குகையில் கயிறு உங்கள் உடம்போடு இருக்காது, பாறையோடு இருக்கும். வானம் தெரியும் திறந்த நீரிலேயே முதல் முடிச்சு, வாயைக் கடந்ததும் இரண்டாவது முடிச்சு. பிறகு ரீலிலிருந்து தளராமல் விட்டுக்கொண்டே, திரும்பும்போது கண் தெரியாத கை தடவிப் போகக்கூடிய பக்கமாகப் பார்த்துப் பார்த்துப் பதிக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யப் பழகவே பலருக்கு நாள்கள் பிடிக்கின்றன.

பயிற்சியில் ஆசிரியர் எங்கள் முகக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி அதற்குள் கயிறு ஓடும்படி வைத்துக்கொண்டு நகர வேண்டும். இறுகப் பிடிக்கக்கூடாது, இழுக்கவும் கூடாது. வழியில் விரலில் ஒரு பிளாஸ்டிக் முக்கோணம் தட்டுப்படும். அதன் கூர் முனை எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்தால் வெளியேறும் திசை தெரியும். பின்னால் வருபவர் என் முழங்கையைப் பிடித்திருப்பார். முன்னே தள்ளினால் போகலாம் என்று பொருள், இறுக்கினால் நிற்க வேண்டும். கயிறு கை நழுவிப்போனால் என்ன செய்வது என்பதும் தனிப் பயிற்சி. அந்த இடத்திலேயே அசையாமல் நின்று, சிறு ரீலைப் பாறையில் கட்டி, அந்த முடிச்சிலிருந்து கையை வீசித் தேட வேண்டும். கயிறு கிடைக்காவிட்டால் முடிச்சுக்குத் திரும்பி வேறு திசையில் தேட வேண்டும். இந்த எதையும் கடலில் எடுத்த சான்றிதழ் கற்றுக்கொடுப்பதில்லை.

ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கர் 1979-இல் குகை விபத்துகளை ஒவ்வொன்றாக அலசினார். வாய் வரை அறுபடாத கயிறு இல்லாதது, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காதது, அளவுக்கு மீறிய ஆழம் ஆகிய மூன்றும்தான் மறுபடி மறுபடி வந்தன. பயிற்சியில்லாமல் நுழைந்தது பிறகு அவற்றோடு சேர்க்கப்பட்டது. செத்தவர்களில் கடலில் நன்றாக முக்குளித்தவர்களும், கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

நிலத்தடி

மண்ணியல் படித்தவன் என்பதால் வண்டலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கிந்தா பள்ளத்தாக்கின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறையைத் தின்கிறது. வெடிப்பு ஓட்டையாகி, ஓட்டை குழாயாகி, குழாய் குகையாகிறது. கோப்பெங்கின் தெம்புருங் குகையில் மலையின் வயிற்றுக்குள் ஆறு ஓடுவதைப் பலர் நடந்தே பார்த்திருப்பீர்கள். அதே வேலை தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயும் நடந்திருக்கிறது.

நம் வட்டாரத்து வண்டல் மிகவும் பொடியானது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள மணல், ஒரு மீட்டர் கீழே இறங்க இரண்டு நிமிடம் போதும். இரண்டு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு) களிமண் துகள் அதே ஒரு மீட்டர் இறங்க, அசையாத நீரிலேயே மூன்று நாள் ஆகும். ஓடும் நீரில் அது படியவே படியாது. "கலங்கினால் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம்" என்று நினைப்பவரின் சிலிண்டரில் மூன்று நாள் காற்று இருக்காது.

இன்னொன்று. ஊற்று என்றால் தண்ணீர் எப்போதும் வெளியே வரும் என்பது உறுதியில்லை. ஃபுளோரிடாவில் சுவானீ ஆறு பெருகும்போது அதன் கரையோர ஊற்றுகள் சில எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். ஆற்றின் பழுப்பு நீர் குகைக்குள் உறிஞ்சப்படும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர் வெளியேற நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டும். உங்கள் ஊற்றுக்கு அருகே ஆறோ, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டையோ இருந்தால், பெருமழையில் அப்படி நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பழைய_லயம்

தம்பி, நான் அந்தப் பக்கத்துத் தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கோபம் நியாயமானது, அந்த ஊற்றுத் தண்ணீரில் சமைத்துச் சாப்பிட்டவன் நான். ஆனால் நீங்கள் திரும்பி வராவிட்டால் உங்களைத் தேடி யார் இறங்குவார்கள் என்று யோசித்தீர்களா?

2018 அக்டோபர் 3-ஆம் தேதி பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவில், கைவிடப்பட்ட சுரங்கக் குட்டையில் விழுந்த பதினேழு வயதுப் பையனைத் தேடித் தீயணைப்பு மீட்புப் படையின் முக்குளிப்பாளர்கள் இறங்கினார்கள். வலுவான நீரோட்டத்தில் ஆறு பேரும் மாண்டுபோனார்கள். பயிற்சி பெற்றவர்கள், திறந்த குட்டை, தலைக்கு மேல் பாறையும் கிடையாது. அப்படியும் அது நடந்தது. அந்த ஆறு வீடுகளை நினைத்துப் பாருங்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஈயக்குட்டைகளில் போனதும் எனக்கு மறக்கவில்லை. கரை சரிவாக இருக்கும் என்று நம்பிக் கால் வைப்பார்கள், இரண்டாவது அடியில் தரை இருக்காது.

மலைச்சாரல்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தால் சிக்கிக்கொண்ட பன்னிரண்டு பையன்களும் அவர்களுடைய காற்பந்துப் பயிற்சியாளரும் வெளியே வந்தார்களே? அவர்களுக்கு முக்குளிப்பே தெரியாது. கலங்கிய வெள்ளத்தில் அவர்களால் வர முடிந்தது என்றால், சான்றிதழ் உள்ளவரால் பத்து மீட்டர் போய்வர முடியாதா?

கயிற்றுக்காரன்

நல்ல கேள்வி. அந்த மீட்பைப் புரிந்துகொண்டால் என் பதிலும் புரியும்.

பையன்கள் நீந்தி வரவில்லை. கெட்டமின் ஊசி போட்டு மயக்கி, முகம் முழுவதும் மூடும் கவசம் மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, பொதிபோலத்தான் கொண்டுவரப்பட்டார்கள். விழித்திருந்தால் இருட்டில் மிரண்டு தங்களையும் மீட்பவரையும் கொன்றுவிடுவார்கள் என்பதால் அப்படிச் செய்தார்கள். கொண்டுவந்தவர்கள் குகை முக்குளிப்பிலேயே பல ஆண்டுகள் ஊறியவர்கள். ஒரு கையில் பையன், மறு கையில் கயிறு. பையனை முதலில் பாறையில் இடிக்கவிடாமல் தங்கள் தலையை முன்னே கொடுத்து வந்தார்கள், எதிரே என்ன இருக்கிறது என்பது இடித்த பிறகுதான் தெரியும்.

ஜூலை 2-ஆம் தேதி பையன்களைக் கண்டுபிடித்ததே கயிற்று வேலையின்போதுதான். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் வொலந்தனும் ரிக் ஸ்டாண்டனும் உள்ளே போகப் போகக் கயிறு பதித்துக்கொண்டிருந்தார்கள். வொலந்தனிடம் கயிறு தீர்ந்துபோன இடத்தில் மேலே வந்தார், அங்கே பையன்கள் இருந்தார்கள். மீட்பின் கடைசி நாளில் கையில் பையனோடு வந்த ஒருவருக்குக் கயிறு நழுவிவிட்டது. தடவித் தேடியதில் ஒரு மின்கம்பி கிடைத்தது. அதைப் பிடித்து நகர்ந்தவர் வெளியே வரவில்லை, கடந்து வந்த அறைக்கே திரும்பிப் போயிருந்தார். அங்கே மூச்சு வாங்கி, மற்றவர் உதவியோடு மறுபடி புறப்பட்டார். உலகிலேயே அந்த வேலையில் தேர்ந்தவர்களில் ஒருவருக்கு, கயிறு கையில் இல்லாத சில நிமிடங்களில் திசை அவ்வளவு மாறிவிட்டது.

அதற்கு முன்பே ஜூலை 6-ஆம் தேதி, காற்று சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் இறந்துபோனார். தாய்லாந்துக் கடற்படையின் சிறப்புப் படையில் இருந்தவர் அவர். கடலில் அவரைவிட நீங்களும் நானும் தேர்ந்தவர்களா?

நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. சிப்பாடான் தீவின் பாறைச் சுவரில் ஆமைக் கல்லறை என்ற குகை உண்டு. உள்ளே வழி தவறி மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்த ஆமைகளின் எலும்புகள் கிடக்கின்றன. வாயிலில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைச்_சீருடை

மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். மேலே "காற்று நிற்கும் அறை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

மூடிய அறையில் காற்று இருக்கலாம், அது மூச்சுக்கு ஏற்றதா என்பது வேறு. தாம் லுவாங்கில் பையன்கள் இருந்த இடத்தில் ஆக்சிஜன் 15 விழுக்காட்டுக்கு இறங்கியது. வெளியே நாம் சுவாசிப்பது 21 விழுக்காடு. காற்றோட்டமில்லாத குகையில் கரியமில வாயுவும் சேர்ந்துகொள்ளும். அதில் தலை சுற்றி, புத்தி மழுங்கி, தான் தவறாக முடிவெடுக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். தெரியாத அறையில் வாயிலிருந்து சுவாசக் கருவியை எடுப்பது உயிரோடு விளையாடுவது.

கிருமியும் உண்டு. 2010-இல் பகாங் மாரானில் லுபுக் யூ என்ற நீர்வீழ்ச்சிப் பகுதியில் மூழ்கிப்போன ஒருவரைத் தேடப் போனவர்களிடையே மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிசும் எலிக்காய்ச்சலும் பரவின. அதில் 8 பேர் இறந்தார்கள். கலங்கிய நன்னீரில் கை, கால் கீறலோடு இறங்கினால் இவை இரண்டும் உடம்புக்குள் போக வழி கிடைக்கிறது. இறங்கியவருக்குச் சில நாளில் காய்ச்சல் வந்தால், டெங்கி என்று மட்டும் நினைத்து இருந்துவிடாமல், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊற்று நீரைக் குடிக்கும் குடும்பங்கள் கொதிக்க வைத்தே குடிக்கட்டும், முக்கியமாகக் கலங்கிய நாள்களில்.

செம்பனை_நிழல்

எல்லோருக்கும் நன்றி. மனம் கனத்தாலும் இடுப்புக் கயிற்று யோசனையைக் கைவிட்டுவிட்டேன். கயிற்றுக்காரன் அண்ணனிடம் ஒரு கேள்வி. முறையாகக் கற்றுக்கொண்டால் காற்றை எப்படிக் கணக்கிடுவார்கள்? எவ்வளவு காலம் ஆகும்?

நிலத்தடி ஐயா, உள்ளே போகாமல் வண்டல் எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியுமா? எனக்குக் கடைசியில் வேண்டியது அதுதான். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் என் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பாட்டிகளும்.

கயிற்றுக்காரன்

அடிப்படை விதி மூன்றில் ஒரு பங்கு. 200 பார் அழுத்தத்தில் தொடங்கினால் அது 66 சொச்சம், அதையும் குறைத்து வைத்து 60 பார் செலவானதும் திரும்ப வேண்டும், அதாவது 140-இல். திரும்பி வர இன்னொரு பங்கு. மூன்றாவது பங்கு உங்களுக்காக இல்லை. மிகத் தொலைவான இடத்தில் கூட்டாளியின் காற்று முழுதும் போய்விட்டால், இரண்டு பேரும் உங்கள் சிலிண்டரிலிருந்தே வெளியேற அது வேண்டும். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பைவிட மூன்று மடங்கு காற்று செலவாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

ஆனால் கலங்கும் குகைகளுக்கு இந்த விதியே போதாது என்பது என் உறுதியான கருத்து. போகும்போது கண்ணால் பார்த்து நீந்துகிறீர்கள், திரும்பும்போது விரலால் தடவி ஊர்கிறீர்கள். போன நேரத்தைவிட வரும் நேரம் அதிகம், பயத்தில் மூச்சும் வேகமாகும். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவழித்துத் திரும்ப வேண்டும். நீர் உள்ளே இழுக்கும் குகை என்றால் இன்னும் குறைக்க வேண்டும்.

படிப்பு படிப்படியாகத்தான். வெளிச்சம் எட்டும் முகப்புப் பகுதிக்கு முதல் நிலை, அதற்குப் பிறகே முழுக் குகை. மெக்சிகோவின் யுகத்தானிலும் ஃபுளோரிடாவிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கெல்லாம் தண்ணீர் பெரும்பாலும் தெளிவு, கயிறும் ஏற்கெனவே பதித்திருக்கும். யாரும் போயிராத, கலங்கும் ஊற்று என்பது படித்து முடித்து, பல ஆண்டுகள் பழகிய பிறகு ஒரு குழுவாகச் செய்கிற வேலை. உங்களுக்கு உண்மையில் ஆசை இருந்தால் தொடங்குங்கள், ஆனால் இந்த ஊற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள்.

நிலத்தடி

முடியும். ஆளை அனுப்புவதற்குப் பதிலாகச் சாயத்தை அனுப்புவார்கள். ஃபுளோரசீன் என்ற பச்சைச் சாயத்தை மலையின் மேல்பக்கத்தில் தண்ணீர் உள்ளே இறங்கும் இடத்தில் விடுவார்கள். ஊற்றில் கரிப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம் வந்தாலும் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபுளோரிடாவின் வக்குல்லா ஊற்றில் முக்குளிப்பாளர்கள் 2007-இல் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் குகையைக் கடந்தார்கள், அது பெரிய சாதனை. ஆனால் தல்லஹாசி நகரத்துக் கழிவுநீர் அந்த ஊற்றுக்கு வந்து சேருகிறது என்பதைக் காட்டியது, கழிவுநீர் தெளிக்கும் வயலருகே விட்ட சாயம்தான். அதன் பிறகு நகரம் சுத்திகரிப்பைச் சீராக்க வேண்டியதாயிற்று.

சாயத்தை நீங்களாக விடாதீர்கள், அது குடிநீர். கனிமம், புவி அறிவியல் துறைக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலை மாவட்ட அலுவலகத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் அனுப்புங்கள். மனுவோடு போக வேண்டிய தரவை இன்றே சேர்க்கத் தொடங்கலாம். நேரான சுவருள்ள ஒரு டின்னைத் திறந்தவெளியில் வைத்து மழையளவைக் குறியுங்கள். கறுப்பு வெள்ளை பூசிய தட்டை நூலில் கட்டி ஊற்றின் கரையிலிருந்து இறக்கி, எத்தனை சென்டிமீட்டரில் கண்ணுக்கு மறைகிறது என்று தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். மலையின் மறுபக்கத்தில் வெடி வைக்கும் சத்தம் கேட்டால் அந்த நேரத்தையும் எழுதுங்கள். மழையே இல்லாத நாளில், வெடிக்குப் பிறகு தண்ணீர் வெளுத்தால், அந்த ஒரு வரி பத்துப் படங்களுக்குச் சமம். வெடியே இல்லாமல் மழையில் மட்டும் வெளுத்தால், மேலே மரம் வெட்டி மண் திறந்துகிடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டில் எது என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

பழைய_லயம்

தோட்டத்து ஆபீசில் மழையளவை எழுதிவைக்கும் வழக்கம் என் காலத்தில் இருந்தது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அதனால் கண்டிப்பாக எழுதுவார்கள். கல் உடைப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளின் ஏடுகள் கிடைத்தால் ஒப்பிட உதவும். பழைய சகாக்களிடம் விசாரிக்கிறேன். மனுவை மலாயில் எழுதித் தரவும் நான் தயார்.

மலைச்சாரல்

தட்டும் டின்னும் நான் செய்து தருகிறேன், பட்டறை இருக்கிறது. கரையில் சறுக்காமல் நிற்க ஒரு பலகையும் கம்பிப் பிடியும் அடித்துவிடலாம். செம்பனை_நிழல், ஞாயிறு காலை பட்டணத்துக்கு வருகிறீர்களா?

செம்பனை_நிழல்

வருகிறேன். கோயில் பூசாரி தினமும் விடியற்காலை அங்கேதான் தண்ணீர் எடுக்கிறார், குறிப்பெடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார். ஐயா, தட்டின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

நிலத்தடி

இருபது சென்டிமீட்டர். நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகளுக்குக் கறுப்பு, மற்ற இரண்டுக்கும் வெள்ளை பூசுங்கள். அடியில் காரீயக் குண்டு கட்டாதீர்கள், குடிநீர். இரும்பு போதும். நூலில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு.